பதினேழாம் எண் கோரை

ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பார்சலைப் பிரித்தேன். நேற்று மாலையே வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் பார்க்க மனம் வரவில்லை. பல் துலக்குவதற்கு முன்பே சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக விரித்தேன். பால் காய்ச்ச வந்த உன் அத்தான், "காலங்காத்தால மாட்டுக்குத் தீவனமா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் சௌக்கியம்தான். அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்கலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் 'ம்' என்ற ஒரு சத்தத்தோடு சரி.

அம்மா போய் மூன்று மாதமாகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்காமல் நம் ஏரியில் என்னென்ன கோரைகள் இருக்கின்றன என்று பறித்து அனுப்பு, பெயர்களை நான் கண்டுபிடிக்கிறேன் என்று சொன்னபோது, நீ செய்வாய் என்று நான் நம்பவில்லை. எங்கள் கல்லூரியின் உலர்செடிக் காப்பகத்தில் அந்த ஏரியிலிருந்து ஒரு செடிகூட இல்லை. நான் கட்டம் போட்டு அனுப்பிய லேபிளில் எண், தேதி, மண், தண்ணீர் ஆழம், பறித்தவர் எல்லாம் அழகாக எழுதியிருக்கிறாய். பெயர்க் கட்டத்தை எனக்காக விட்டிருக்கிறாய். எட்டு வருஷமாக அம்மாவின் மாத்திரைக் கணக்கை எழுதிய அதே கையெழுத்து.

நான்காம் எண் கோரையே இல்லை, புல். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார். கோரைகளில் பெரும்பாலும் மூன்று விளிம்பு தட்டுப்படும், உள்ளே நிறைந்திருக்கும். இன்னொன்று: பறித்த செடிக்கட்டில் தண்ணீர் படவிடாதே. நனைந்தால் காய்வதற்குள் கறுத்துவிடும். அப்புறம் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இருக்கிறேன். சாப்பிடுகிறேன். அத்தானின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்.

புல்லைக் கோரை என்று அனுப்பியதற்காக என் பட்டத்தைப் பல்கலைக்கழகம் திருப்பிக் கேட்காமல் இருந்தால் சரி. இப்போது தெருவில் போகும்போதுகூட எதைப் பார்த்தாலும் உருட்டிப் பார்க்கிறேன். எதிர்வீட்டு டெய்லரக்கா, "சின்ன பாப்பா, விரல்ல ஏதாச்சும் குத்திடுச்சா?" என்று கேட்டார்.

அம்மாவின் காலை மாத்திரைக்காக வைத்த அலாரம் இன்னும் ஆறு மணிக்கு அடிக்கிறது. நிறுத்தத் தெரியாமல் இல்லை. அது அடித்ததும் எழுந்துவிடுவேன். எழுந்தபிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கட்டில் பக்கத்திலேயே நிற்பேன். ஒரு நாள் ஒன்பது மணி வரை நின்றிருக்கிறேன். இப்போது அலாரம் அடித்ததும் ஏரிக்குப் போய்விடுகிறேன்.

செடிகளை அழுத்திக் காயவைப்பதற்குப் பலகை வாங்கச் சொல்லியிருந்தாய். வாங்கவில்லை. செய்தித்தாளோடு அம்மாவின் மெத்தைக்கு அடியில் வைத்து, மேலே நான் படுத்துக்கொள்கிறேன். நன்றாக அழுந்துகின்றன. என் உடம்பும் ஒரு வேலைக்கு ஆகிறது.

ஏழிலிருந்து பதினொன்று வரை இத்துடன் இருக்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு

ஜூலை 2

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஐந்துக்கும் பெயர் கிடைத்துவிட்டது. தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் எண்ணை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மதியச் சாப்பாடு மறந்துபோனது. எங்கள் ஆய்வக உதவியாளர், "மேடம், ஊர்ல இருக்கிற புல்லுக்கெல்லாம் நீங்க ஜாதகம் எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்" என்று அலுத்துக்கொண்டார்.

இனி இன்னும் கொஞ்சம் உள்ளே வளர்பவை வேண்டும். கரையில் இருப்பவை வேறு, கணுக்காலளவு தண்ணீரில் இருப்பவை வேறு, முழங்காலளவில் இருப்பவை வேறு. இலையே இல்லாமல் வெறும் தண்டாக, நுனியில் ஒற்றைக் கதிரோடு நிற்கும் ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். தேடிப் பார். பட்டியல் முழுமையானால் உன் பெயரும் சேர்த்து அச்சிடலாம்.

நேரில் வந்து பத்து நாள் உன்னோடு இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது. அத்தானின் முழங்கால் அறுவைக்கும் தேதி கொடுத்திருக்கிறார்கள். முடிந்ததும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 25

அக்கா,

நலம்.

பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட இலையில்லாத கோரை பதினான்கு. தண்ணீர் முழங்காலுக்கு மேல்.

வீட்டைக் கொஞ்சம் ஒழித்தேன். அம்மாவின் கட்டிலையும் மெத்தையையும் கொடுத்துவிட்டேன். துணிகளையும். வீடு பெரிதாகத் தெரிகிறது.

அத்தானின் அறுவை நல்லபடியாக முடியட்டும்.

வாலு

ஆகஸ்ட் 3

அன்புள்ள வாலுக்கு,

அத்தானுக்கு அறுவை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறார், வாய்க்கு மட்டும் ஊன்றுகோல் தேவைப்படவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் இத்தனை சுருக்கமாக எழுதினால் நான் எதைத்தான் படிப்பது?

வீட்டை ஒழித்தது நல்ல காரியம். எத்தனை நாள்தான் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஆனால் மெத்தை போன குறை செடிகளில் தெரிகிறது. இந்த முறை ஒன்றும் சரியாக அழுந்தவில்லை. இனியாவது பலகை வாங்கு.

பதினான்காம் எண்ணுக்காக உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பதினேழாம் எண்ணுக்காகத் தலையில் ஒரு குட்டு. அது என்ன லேபிள்? செடி ஒரு சாண்கூட இல்லை. கரையோர ஈர மண்ணில் வளரும் பொடிக் கோரை அது. நீ எழுதியிருப்பது: 'தண்ணீர் ஆழம், நெஞ்சளவு.' நெஞ்சளவு தண்ணீரில் சாண் உயரச் செடி எப்படி நிற்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டா? லேபிளில் ஒரு தவறு இருந்தால் மற்ற பதினாறையும் யாரும் நம்ப மாட்டார்கள். கவனமாக எழுதடி. சரியான ஆழம் என்ன என்று உடனே எழுது, திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 29

அக்காவுக்கு,

அத்தான் நடப்பது கேட்டு சந்தோஷம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினேழைப் பறித்தது கரையில்தான். நீ சொன்னது போல ஈர மண், தண்ணீரே இல்லை. பறித்துக் கட்டினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே ஏரிக்குள் இறங்கினேன். பறிப்பதற்காக இறங்கவில்லை. அங்கே பறிக்க ஒன்றும் கிடையாது. முழங்காலுக்கு மேல் போனதும் கோரை நின்றுவிடுகிறது, அதற்கப்புறம் வெறும் தண்ணீர். நெஞ்சளவு வந்தபோது கட்டு நனையப்போனது. மேலே தூக்கிப் பிடித்தேன். நனைந்தால் கறுத்துவிடும், அப்புறம் ஒன்றும் சொல்ல முடியாது என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கை வலித்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கரைக்கு வந்து லேபிள் எழுதினேன். தண்ணீர் ஆழம் என்றுதான் போட்டிருக்கிறாய். எங்கே என்று போடவில்லை. நான் நின்ற இடத்தின் ஆழத்தை எழுதினேன். தப்பாக எழுதக்கூடாது என்றுதான் எழுதினேன்.

நீ திருத்திக்கொள். கரை, ஈர மண், ஆழம் இல்லை.

வாலு

செப்டம்பர் 4

என் வாலுக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. இன்றே எழுதுகிறேன். உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது. நாங்கள் நலமாக இருக்கிறோம்.

பதினேழாம் எண்ணை நான்கு நாளாக நுண்ணோக்கியில் வைத்துப் போராடுகிறேன். பெயர் பிடிபடவில்லை. ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும் இரண்டு இனங்கள், முற்றிய காயைப் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும். காய் கடுகைவிடச் சின்னது, அதன் மேல் குறுக்கு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீ அனுப்பியதில் எல்லாம் பிஞ்சு. முற்ற இரண்டு மாதமாவது ஆகும். பழுப்பு நிறம் வந்து, தொட்டால் தானாக உதிர வேண்டும். அதுவரை தினமும் போய்ப் பார்க்க வேண்டும், வேறு யாரால் முடியும்? கரையிலிருந்தே பார். தண்ணீரில் இறங்கத் தேவையே இல்லை. கணுக்கால்கூட நனைய வேண்டாம். புதிதாக எதுவும் பறிக்கவும் வேண்டாம்.

வாரம் ஒரு கடிதம் எழுது. காய் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒரு வரி போதும். போனை எடு. 'ம்' என்று மட்டும் சொல், போதும்.

உன் பட்டியல் இந்த ஒன்றுக்காகத்தான் நிற்கிறது. மறந்துவிடாதே.

அக்கா

செப்டம்பர் 15

பெரிய பாப்பாவுக்கு,

டெய்லரக்கா எழுதிக்கிறது. நானும் என் மெஷினும் நல்லா இருக்கோம். நீயும் உன் வீட்டுக்காரரும் நல்லா இருக்கீங்களா? நீ அன்னைக்குப் போன்ல கேட்டப்ப சின்ன பாப்பா என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதான் 'ஆமா ஆமா, ஆகட்டும்'னு உளறிட்டு வெச்சுட்டேன். கடுதாசி எழுதிப் பல வருஷம் ஆச்சு, தப்பு இருந்தா பொறுத்துக்கோ.

தினமும் விடிஞ்சதும் ஏரிக்குப் போகுது. முன்னெல்லாம் செருப்பு மட்டும் நனைஞ்சு வரும். நடுவுல ஒரு பத்து நாள் தோள் வரைக்கும் நனைஞ்சு வந்துச்சு. "என்ன பாப்பா, இந்த வயசுல நீச்சல் பழகுறியா?"ன்னு கேட்டேன். சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. இப்ப ஒரு வாரமா காய்ஞ்ச துணியோடதான் வருது. கரையில ஒரு கல்லு மேல உக்காந்து எதையோ உத்துப் பாக்குதாம், பேப்பர் போடுறவர் சொன்னார்.

வீட்டுல பொருள் எல்லாம் போயிட்டே இருக்கு. பீரோ போச்சு. மிக்ஸி போச்சு. ஃபேனைக் கொண்டாந்து என் கடையில வெச்சுட்டு, "உங்களுக்குத்தான் புழுக்கம், வெச்சுக்கோங்க"ன்னு சொல்லுது. நான் விடுவேனா? "கடனா வாங்கிக்கிறேன், நீ வந்து கேட்டா தீபாவளி பொங்கல்னு சாக்குச் சொல்லாம குடுத்துடுவேன்"னு சொல்லிட்டேன். குடுத்த பொருளைக் கேட்டு வாங்கற அளவுக்காச்சும் அது இருக்கணும்ல.

உங்கம்மாவை அது தூக்கிக் குளிப்பாட்டினதை எட்டு வருஷம் ஜன்னல் வழியா பாத்தவ நான். அதனால கேக்குறேன், கோவிச்சுக்காத. நீ எப்ப வர்றே? புல்லுக்குப் பேர் வெக்கிறதெல்லாம் சரி.

டெய்லரக்கா

அக்டோபர் 2

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தான் வாக்கரை விட்டுவிட்டாரா?

காய் பச்சையாகத்தான் இருக்கிறது. போன வாரமும் பச்சை. அதற்கு முந்தின வாரமும் பச்சை. வாரம் ஒரு கடிதம் என்றாய், மூன்றையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

டெய்லரக்காவை ஏன் வேவு பார்க்க வைத்தாய்? அவருக்கு நடிக்க வரவில்லை. நான் தெருவில் இறங்கினால் போதும், மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, "பட்டன் ஒண்ணு விழுந்துடுச்சு" என்று தேடுகிறார். இதுவரை இருபது பட்டனாவது விழுந்திருக்கும்.

ஒன்று எழுத வேண்டும் என்று இருக்கிறது. கோபமாக எழுதவில்லை. அம்மா படுத்திருந்த எட்டு வருஷமும் வாரம் ஒரு கடிதம் எழுது என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். எழுதுவதற்கு நிறைய இருந்தது. இப்போது எழுத ஒன்றும் இல்லை, காயின் நிறத்தைத் தவிர.

வாலு

அக்டோபர் 9

அன்புள்ள வாலுக்கு,

அத்தான் இப்போது மாடிப்படி ஏறுகிறார். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீ எழுதியது நியாயம். பதில் சொல்ல உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்தாயிற்று. நேரில் சொல்கிறேன்.

ஆய்வுக்குழு தள்ளிப்போய் நவம்பரில் வருகிறது. டிசம்பர் முதல் வாரம் கட்டாயம் வருவேன். அதுவரை காயைப் பார்த்துக்கொண்டிரு. பழுத்தாலும் அவசரப்பட்டுப் பறிக்காதே. நன்றாக முற்றட்டும்.

அக்கா

நவம்பர் 10

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

காய் முற்றிவிட்டது. தொட்டதும் உதிர்ந்தது. ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது மூச்சை விடாதே, பறந்துவிடும். லேபிளும் எழுதிவிட்டேன். இந்த முறை எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பியிருக்கிறேன், பெயர் உட்பட. நீ கல்யாணமாகிப் போகும்போது பரணில் விட்டுப்போன உன் புத்தகத்தில் பார்த்தேன். அம்மா பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடி போதுமானதாக இருந்தது. குறுக்கு வரி இருக்கிறது. சரிதானே?

ஜூலையில் அனுப்பியதிலேயே முற்றிய காய் இருந்தது, அக்கா. அடிக் கதிரில், மூன்று. பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். உனக்குப் பெயர் தெரியவில்லை என்று நீ எழுதியபோது, நான்கு நாள் இல்லை, நான்கு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாய் என்று தெரியும். ஆனாலும் தினமும் போய்ப் பார்த்தேன். நீ கேட்டாய் என்பதற்காக.

இதோடு பட்டியல் முடிந்தது. இனி என்னிடம் கேட்க உனக்கு ஒன்றும் இருக்காது. என் பெயரை அச்சில் போட வேண்டாம்.

அத்தானிடம் கேட்டதாகச் சொல்.

வாலு

நவம்பர் 14

வாலு,

இதைத் தபாலில் போடவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி வர இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. நீ நலமா என்று கேட்டுத்தான் இத்தனை நாளும் ஆரம்பித்திருக்கிறேன். இன்று அந்தக் கேள்வியை எழுதக் கை வரவில்லை.

உன் பார்சல் காலையில் வந்தது. கல்லூரி வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு உன் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. டெய்லரக்காவுக்கு அடித்தேன். "நேத்து சாயங்காலம் வீட்டுச் சாவியை எங்கிட்டக் குடுக்க வந்துச்சு பெரிய பாப்பா. நான் வாங்கவே இல்ல. கையில மாவு, அப்புறம் வான்னு அனுப்பிட்டேன். மாவும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் எனக்கே பயமாப் போயிடுச்சு. பாயைச் சுருட்டிக்கிட்டு நேரா அங்க போயி, என் வீட்டுல பெயின்ட் அடிச்சிருக்கு, நாத்தம் தாங்கல, ரெண்டு நாள் இங்கதான் படுப்பேன்னு சொல்லிட்டேன். இப்பக் குளிக்கப் போயிருக்கு, நான் கதவுக்கு வெளியதான் நிக்கிறேன், தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது. நீ கிளம்பு" என்றார்.

நீ சொன்னது சரி. மூன்று காய், அடிக் கதிரில். பார்த்த உடனே பெயர் தெரிந்துவிட்டது. உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஒரு பொய்யைச் சொல்லி, இரண்டு மாதம் உன்னைக் கரையில் உட்காரவைத்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன்னைப் பார்த்தால் என்ன பேசுவது என்று பயம். அம்மா படுத்திருந்தபோதும் இதே பயம்தான். அதற்கு ஆய்வுக்குழு என்றும் முழங்கால் என்றும் பெயர் வைத்தேன். பெயர் வைப்பதுதானே என் உத்தியோகம்.

இன்னும் உள்ளே போ என்று எழுதியவள் நான். நெஞ்சளவு என்று நீ எழுதி அனுப்பியபோது, லேபிள் தப்பு என்று குட்டியவளும் நான். அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு முதலில் செடியைப் பற்றித்தான் சந்தேகம் வந்தது. அம்மாவின் அறையில் நான் உட்கார்ந்திருந்ததைவிட அதிக நேரம் உன் பதினேழாம் எண்ணின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

துறைத்தலைவரிடம் போய் லீவு வேண்டும் என்றேன். "ஆய்வுக்குழு வர்ற வாரத்துலயா? காப்பகத்தை யார் காட்டுறது? நீங்க இல்லாம அந்தப் புல்லுக்கட்டுகளைப் பார்த்து நாங்க என்ன சொல்றது?" என்று கத்தினார். புல் இல்லை சார், கோரை என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அத்தானிடமும் பத்து நாள்தான். அவர், "அவளை விட்டுட்டு வந்துடாத" என்று மட்டும் சொன்னார். உன்னையும் அழைத்துக்கொண்டு திரும்பி வருவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நீ அந்த வீட்டைவிட்டு வரமாட்டாய். எனக்குத் தெரியும்.

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண், "திரும்பி வர்றதுக்கும் இப்பவே போட்டுடவா மேடம்? அப்புறம் கேட்டா கிடைக்காது" என்றாள். எனக்குப் பின்னால் நீள வரிசை. யாரோ ஒருவர் பொறுமையில்லாமல் இருமினார்.

"வேண்டாம்மா, போறதுக்கு மட்டும் குடு."

அந்த வீட்டிலேயே இருந்துவிடப் போகிறேன். வேலை போனால் போகட்டும். அத்தானுக்குப் பொறுத்து எழுதுகிறேன், அவர் வருவதும் வராததும் அவர் இஷ்டம். நீ துரத்தினாலும் போகமாட்டேன். இன்றைக்கு இது யாருக்கும் தெரியாது. உனக்கும் இப்போது தெரிய வேண்டாம். தெரிந்தால், எனக்காக நீ ஏன் இதையெல்லாம் செய்கிறாய் என்று ஆரம்பித்துவிடுவாய்.

அதனால் இந்தத் தாள் என் கைப்பையிலேயே இருக்கும். வண்டி வருகிறது என்று சொல்கிறார்கள். நாளைக் காலை நீ கதவைத் திறந்தால், எனக்குப் பசிக்கிறது என்று மட்டும் சொல்வேன்.